அறுபத்திரண்டு

புயல் வருகிற நாளில் புத்தியுள்ளவன் எவனாவது துணி துவைத்துக் காயப்போடுவானா? காத்து சார் போட்டார். வாசல் கொடியில் காக்கிச் சட்டையை மாட்டி, இரண்டு கிளிப்பையும் அழுத்திவிட்டார். அழைத்துப் போகப் படகு வரும்போது அழுக்குச் சட்டையோடு போய் நிற்க அவருக்கு மனமில்லை.

தீவில் மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். மீன்பிடிக் குடும்பங்கள் எல்லாம் நேற்றே கரைக்குப் போய்விட்டன. ஆனால், வானிலை நிலையத்தில் அரை மணிக்கு ஒருதரம் காற்றின் வேகத்தைப் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. காற்றை அளந்தே தலை நரைத்ததால்தான் அவருக்கு அந்தப் பெயர்.

தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்றழுத்தமானியில் பாதரசம் இறங்கியபடியே இருந்தது. போன புயலில் இந்தக் கட்டடத்தின் பாதித் தகரக் கூரை பறந்துபோனது.

"சார், படகு கிளம்பிடுச்சு," என்றாள் வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறைப் பெண். "முக்கால் மணியில அங்க வந்துடும். காத்து அம்பதைத் தாண்டினா மட்டும் திருப்பிக் கூப்பிட்டுடணும்னு உத்தரவு."

"யாரும்மா ஓட்டிட்டு வர்றது?"

அவள் தயங்கினாள். "உங்க மாப்பிள்ளைதான் சார்."

அவர் முகம் மாறியது. படகு ஓட்டுகிறவனுக்கா என் பெண் என்று குதித்தவர் அவர்; கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. மூன்று வருஷமாக மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சே இல்லை. மகளுக்கு இது ஒன்பதாம் மாசம் என்பதும் அடுத்தவர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

"வேற ஆளே கிடைக்கலையா?"

"இந்த நேரத்துல கடல்ல இறங்க அவர் ஒருத்தர்தான் சார் முன்வந்தார். பழசையெல்லாம் இப்ப பார்க்காதீங்க."

மணி பதினொன்றரை ஆனது. எழுந்து போய்க் காற்றுமானியின் முள்ளைப் பார்த்தார். பாதரசத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே அந்தக் கறுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அறுபத்திரண்டு," என்றார்.

"என்ன சார் சொல்றீங்க! அரை மணி முன்னாடி முப்பத்தாறுதானே?"

"புயல் உன்கிட்ட சொல்லிட்டாம்மா வரும்? படகைத் திருப்பச் சொல்லு."

"அப்புறம் நாளைக்குத்தான் சார் படகு. ராத்திரி பூரா தனியா என்ன பண்ணுவீங்க?"

"எழுதிக்கோ. அறுபத்திரண்டு."

வயர்லெஸ்ஸை அணைத்தார். மேஜையைச் சுவரோரம் இழுத்துப்போட்டு அதன் அடியில் தண்ணீரும் டார்ச்சும் வைத்தார். கடைசி ஜன்னலைச் சாத்தும்போது காக்கிச் சட்டை கிளிப்பில் தொங்கியபடி படபடத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து வரவும் அவருக்குத் தோன்றவில்லை.

கதவைத் தாழிட்டு மேஜைக்கடியில் உட்கார்ந்தார். இனி அவரும் புயலும்தான். பயத்தை மறைக்க அங்கே யாரும் இல்லாததால் நன்றாகவே நடுங்கினார்.

எவ்வளவு நேரம் ஆனதோ, கதவு தடதடத்தது. காற்று வந்துவிட்டது என்று கண்களை மூடிக்கொண்டார். மறுபடியும் தடதடத்தது. காற்று இப்படி மூன்று மூன்றாகத் தட்டாதே என்று எழுந்து வந்து தாழை நீக்கினார்.

சொட்டச் சொட்ட நனைந்து மருமகன் நின்றிருந்தான். கழுத்தில் பைனாகுலர், கையில் அந்தக் காக்கிச் சட்டை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் பேசினான்.

"அறுபத்திரண்டுல சட்டை கொடியிலயே நிக்குமா மாமா? என்னைக் காப்பாத்தினது போதும், மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க!"