உறுதியான வீடு

கட்சிக்காரர்கள் எல்லா வீட்டுக் கதவையும் தட்டுவது நின்றுபோய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டுப் பேச்சைக் கேட்டே யார் ஓட்டு யாருக்கு என்று இயந்திரம் சொல்லிவிடும். சந்தேகமுள்ள வீட்டுக்கு மட்டும்தான் ஆள் வரும். ஏரிக்கரை நகரில் அப்படி இருந்தது நவமணி டீச்சர் வீடு ஒன்றுதான். அவரும் கணவர் தேவசகாயமும் ஆளுக்கொரு கட்சி. சாப்பாட்டு மேசையில் தினமும் சண்டை. தேர்தல் வந்தால் இரண்டு கட்சியும் அந்த வீட்டில்தான் காபி குடிக்கும்.

மாசியில் தேவசகாயம் இறந்துபோனார். சித்திரையில் தேர்தல். எவரும் வரவில்லை.

தன் கட்சியைச் சேர்ந்த ஃபரீதா தெருவில் போவதைப் பார்த்து டீச்சர் கூப்பிட்டார். “என்னம்மா, என் வீட்டைத் தாண்டிப் போற?”

“உங்க வீடு உறுதின்னு வந்துருச்சு டீச்சர். சார் இருந்தவரைக்கும் உங்களை மாத்திடுவாரோன்னு எங்களுக்குப் பயம்.”

“நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட மாத்தலையே அந்த மனுஷன்.”

“அது உங்களுக்குத் தெரியும். மிஷினுக்குக் கேட்டது சத்தம் மட்டும்தான்.”

அன்று சாயங்காலம் டீச்சர் மேசையில் உட்கார்ந்து இரண்டு பேருக்காகவும் பேசினார். வீடு மறுபடி சந்தேகமானால் யாராவது வருவார்கள். தன் வாதத்தை முதலில் சொன்னார். பிறகு மழைநீர்க் கால்வாயைப் பற்றிக் கணவர் சொல்வதை, அவர் குரலிலேயே, கடைசிவரை சொன்னார். காபி குடிக்க வந்த கட்சிக்காரர்களிடம் அவர் பேசும்போது சமையலறையிலிருந்து கேட்டதுதான். மேசையில் ஒரு நாளும் டீச்சர் அவரை முடிக்க விட்டதில்லை.

மனிதர் சொன்னதில் நியாயம் இருந்தது.