சிவப்பு டேப்பும் சுருங்கும் கால்களும்

குதிகால் பெடலில் பதிகிறதா என்று பார்த்து, மெக்கானிக் என் ரேஸ் சைக்கிளின் சீட்டை இறுக்கினார். அந்த உயரத்தில் சீட்டைத் தாங்கும் கம்பியைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டிவைத்தேன்.

நான்காம் நாள் குதிகால் எட்டவில்லை. எட்டாம் நாள் கட்டைவிரலே தடுமாறியது. சீட்டோ டேப்பை விட்டு நகரவே இல்லை! மனைவியிடம் ஓடினேன்.

"நான் சுருங்கிட்டே வர்றேன்டி! அடுத்த மாசம் தலையணை உறைக்குள்ள படுத்துக்கலாம் போல."

"வயசானா அப்படித்தாங்க. டாக்டர்கிட்ட சொன்னா சிரிப்பார்," என்றாள் மனைவி.

பயத்தில் மறுநாள் விடியும்போதே விழித்துவிட்டேன். சைக்கிளைக் காணோம். வாசலில் பிரேக் சத்தம். என்னைவிட அரையடி உயரமான என் மனைவி, வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினாள்.

"உங்க உயரத்துல ஓட்டினா முட்டி வலிக்குதுங்க. ஒரேயடியா ஏத்தினா நீங்க பயந்துடுவீங்களேன்னுதான், டேப்பையும் பிரிச்சு ஒட்டி, தினம் ரெண்டு நூல், கால் இஞ்சுதான், ஏத்தினேன்."