பேரும் மோரும்

குப்பம்மாள் மோர் டம்ளரை மகன் முன்னால் வைத்தாள். டம்ளரிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

“உங்கப்பாரு செத்த சேதிய சொன்னப்ப நீ சிரிச்சியாமேடா?”

விருத்தாசலம் டம்ளருக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

எட்டு வருஷம் கழித்து அன்று காலையில்தான் திண்டிவனத்தில் ரயிலை விட்டு இறங்கியிருந்தான். வந்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். குளிக்க வெந்நீர் வைத்தாள். வேலை செய்யும் வீட்டில் கேட்டு மோர் வாங்கிவந்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டாள். இத்தனை வருஷமும் இதை மடியில் முடிந்து வைத்திருந்திருக்கிறாள்.

“யாரும்மா சொன்னாங்க?”

சொன்னது மல்லாட்டை துரை. திண்டிவனம் மண்டியில் நிலக்கடலை வாங்கிப் புதுச்சேரியிலிருந்து கப்பலேற்றும் பிரெஞ்சுக்காரரை ஊரில் அப்படிச் சொன்னால்தான் தெரியும். மண்டியில் மூட்டை தூக்கும் தாண்டவராயனின் மகன் விருத்தாசலத்துக்கு இரும்பு வேலையில் கை நன்றாக ஓடுகிறது என்று பார்த்து, மிஷின் வேலை படிக்கத் தன் தேசத்து மார்செய் பட்டணத்துக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான்.

மறுவருஷம் கடலை வாங்க வந்தபோது, மண்டி நடுவில் நின்று பையனைப் பாராட்டினார். அவருடைய துபாஷி தேவநாதன் அதை ஊர் கேட்கத் தமிழில் சொன்னார். பையனுக்கு ஆண்பிள்ளை நெஞ்சு. தகப்பன் போய்விட்டார் என்று சொன்னோம், சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

துரை என்னவோ புகழ்ச்சியாகத்தான் சொன்னார்.

“ஜங்ஷன்ல அட்ச்சாரே, அத மனசுல வச்சிக்கினுதான சிரிச்ச?”

அடித்தது உண்மைதான். விழுப்புரம் ஜங்ஷனில் புதுச்சேரி வண்டி புறப்படும் நேரத்தில், போகமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டவனைக் கன்னத்தில் அறைந்து, தூக்கிப் பெட்டிக்குள் போட்டார் அப்பா. வண்டி நகர்ந்த பிறகு பிளாட்பாரம் முடியும்வரை கூடவே ஓடிவந்தார். அறைந்தது மட்டும்தான் அம்மா காதுக்கு வந்திருக்கிறது.

சிரித்தது ஏன் என்று அப்போதே கடுதாசியில் எழுதியிருக்கலாம். மண்டிக் கணக்குப்பிள்ளைதான் படித்துக் காட்டுவார், ஊரே சிரிக்கும் என்று எழுதவில்லை. பிறகு உலக யுத்தம் வந்து, கப்பலும் நின்றது, தபாலும் நின்றது.

மார்செய் போய்ச் சேர்ந்த அன்றே பள்ளிக்கூடத்துப் பெரியவர் அவனைத் தன் அறைக்கு அழைத்தார். துரையும் நின்றிருந்தார். மேஜைமேல் ஒரு தந்தி கிடந்தது. விருத்தாசலத்துக்கு பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாது. துரைக்குத் தமிழ் தெரியாது. பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டிக்கொண்டு, கப்பல் முழுக்க ஊமையாகவே வந்திருந்தான்.

பெரியவர் எழுந்து நின்றார். அவன் கண்ணைப் பார்த்து, மெதுவாக ஏதோ சொன்னார்.

நடுவில் ‘பேர்’ என்று கேட்டது. கடைசியில் ‘மோர்’ என்று கேட்டது.

தமிழ்!

அவனுக்கு உயிர் வந்தது. பேர் கேட்கிறார். தூரத்திலிருந்து வந்த பையனாயிற்றே, மோர் வேண்டுமா என்கிறார். சொந்த ஊரில்கூட யாரும் அவனைப் பேர் கேட்டு மோர் கொடுத்ததில்லை.

“விருத்தாசலம்” என்றான். பல் தெரியச் சிரித்து, வேண்டும் வேண்டும் என்று தலையாட்டினான்.

பெரியவர் துரையைப் பார்த்தார். துரை அதையே இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். இவன் இன்னும் பலமாகத் தலையாட்டினான். துரை அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனார்கள்.

அவன் கப்பலில் இருந்தபோதே மண்டியில் மூட்டை அடுக்கு சரிந்து அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். தந்தி அவனை முந்திக்கொண்டு வந்திருந்தது.

அந்த ஊரில் அப்பாவுக்கு ‘பேர்’ என்பார்கள் என்று சீக்கிரமே தெரிந்துகொண்டான். வேடிக்கையாக இருந்தது. குளிர்காலத்தில் ஒரு நாள், கூடப் படித்தவன் ஒரு செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி ‘மோர்’ என்றான்.

விருத்தாசலம் சுத்தியலைப் போட்டுவிட்டு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். எலிக்குப் பயந்தவன் என்று பட்டறையே சிரித்தது. இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது, எந்த பாஷையில் சொல்வது?

இதையெல்லாம் இப்போது அம்மாவிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே பொய் மாதிரி இருந்தது. அப்பாவுக்குப் பேராம், செத்தவருக்கு மோராம். கப்பலேறிப் போய்க் கதை கட்டக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும். கடைசியில் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குப்பம்மாளும் டம்ளரைப் பார்த்தாள். பேரு, மோரு என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“மோரு வரும்னு அந்த பெஞ்சில எவ்ளோ நேரம்டா குந்திக்கினு இருந்த?”