தூக்குக்குண்டு

இந்தக் காலத்தில் எந்த மிஷின் பழுதானாலும், மிஷினைப் பார்ப்பதற்கு முன்னால் வேண்டாதவன் எவன் என்றுதான் பார்க்கிறார்கள். அப்படித்தான் கிழவர் இராஜாங்கத்தை ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தான் அறிவுச்செல்வன். அவர் முழங்கால் வரை சேறோடு வந்து, புது டைல்ஸ் தரையில் வேண்டுமென்றே அழுத்தி மிதித்து நின்றார்.

"பெட்டியை உதைச்சது நீங்கதானே?"

"உதைக்கிறதா இருந்தா உன்னைத்தான் உதைச்சிருப்பேன்."

வேளாங்கண்ணி சாலையில், வாய்க்காலைத் தூர்த்து அறிவுச்செல்வன் கட்டிய விளையாட்டுக் கூடம் அது. பாய்ச்சலுக்கு வழியில்லாமல் கிழவரின் ஆறு மா நிலம் ஐந்து வருடமாகத் தரிசு. நியாயம் கேட்கப் போனவரிடம், "வாய்க்காலா? எங்க இருந்துச்சு?" என்று சிரித்தவன்தான் இவன்.

பெட்டி, சிங்கப்பூரிலிருந்து வந்த பழைய 'பின்பால்' விளையாட்டு மிஷின். கண்ணாடிக்குள் இரும்புக் குண்டு ஓடும். ஒரு வாரமாக, ஆட்டம் தொடங்கியதுமே 'டில்ட்' என்று சிவப்பெழுத்தைக் காட்டி நின்றுவிடுகிறது. மாதா கோயில் கொடியேற்றம் நெருங்கிவிட்டது. வருஷத்துச் சம்பாத்தியமே அந்தக் கூட்டத்தை நம்பித்தான்.

மெக்கானிக் சித்தீக் பெட்டியின் முன்கதவைத் திறந்து காட்டினான். "கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி தொங்குது பாருங்க. பெட்டி சாஞ்சா இது வளையத்துல முட்டும், ஆட்டம் நின்னுரும். நேத்து சாயங்காலம்தான் பெட்டிக் காலைத் திருகி மட்டம் பாத்து வெச்சேன். காலையில மறுபடியும் சாஞ்சு கெடக்கு."

"கேமராவுல ஈ காக்கா இல்லியேடா! அப்ப யாரு சாய்ச்சா?"

"அண்ணே, எதுக்கும் தரையை ஒரு தடவை..."

"தரை என்னப்பா பண்ணும்?" கிழவர் குறுக்கே விழுந்தார். "எவனோ கழிச்சுப் போட்ட சாமானை இவன் தலையில கட்டிட்டான். பெட்டியை மாத்தச் சொல்லு."

வாழ்நாளில் முதல்முறையாகக் கிழவர் பேச்சு அறிவுச்செல்வனுக்குப் பிடித்தது. "அப்படிச் சொல்லுங்க பெரியவரே! தரையாம், தரை. பில்லர் போட்டுக் கட்டுனது. தஞ்சாவூர் பெரிய கோயில் மாதிரி நிக்கும்."

"நிக்கும், நிக்கும்." அவர் முகத்தில் நம்பிக்கையின் சாயலே இல்லை. வாசலில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

சித்தீக் பின்னாலேயே வந்தான். "பெரியவரே, உங்க நெலந்தான் தரிசாச்சே. கால்ல ஏது இவ்வளவு சேறு?"

கிழவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"ஆத்துல தண்ணி வந்துருச்சுல்ல தம்பி? பழைய வாய்க்கா எங்க இருந்துச்சுன்னு தெனம் ராத்திரி அதுக்குக் காட்டிவிடுறேன்."