மாரிசெல்வி ஏமாற்றிய கதை

காசிராஜன் சொல்லும் கதையை வேலுசாமி நாலு வருஷமாக நம்பவில்லை. நம்பாமலேயே நாலு வருஷமும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு பேரூராட்சி. பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அங்கே சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் காசிராஜன். டீக்கடையில் புது முகம் ஒன்று வந்து உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"கொரோனா நிவாரணம்னு சின்னக் கடைக்கெல்லாம் பத்தாயிரம் குடுத்தோம்லா? நாலு சுவர் இருந்தாத்தான் கடை. வெளிய ஒரு போட்டோ, உள்ள ஒரு போட்டோ எடுத்து நான் கையெழுத்துப் போடணும். தள்ளுவண்டியில பருத்திப்பால் விக்கிறாளே மாரிசெல்வி, அவளும் மனு போட்டா. போய்ப் பாத்தா தகர ஷெட்டு. 'மாரிசெல்வி பருத்திப்பால் நிலையம்'னு போர்டு. உள்ள அடுப்பு, அண்டா. அண்டா மேல கைய வச்சுக்கிட்டு மகாராணி கணக்கா நிக்கா. கிளிக்! ஆறு மாசம் கழிச்சு ஆடிட்காரன் போறான், போர்டும் இல்ல, அண்டாவும் இல்ல. எவனோட ஷெட்டையோ காட்டி என்னையே ஏமாத்திட்டாய்யா! நல்லவேளை, 'நாந்தான் ஏமாத்துனேன்'னு அவளே எழுதிக் குடுத்துட்டா. இல்லேன்னா என் பென்ஷன் காலி!"

கடையே குலுங்கும்.

வேலுசாமிக்கு இடிப்பது அந்த அண்டாதான். பலகாரக் கடை எண்ணெயை முகர்ந்தே எத்தனை நாள் பழசு என்று சொல்பவர் காசிராஜன். கல்லாவுக்கு அடியில் ஒளித்த பிளாஸ்டிக் கவரை, கடைக்குள் கால் வைக்கும் முன்பே எடுத்து வெளியே போடச் சொல்பவர். அவரை ஒரு அண்டா ஏமாற்றிவிட்டதாம்.

இந்த வாரம் சிரிப்போடு விட முடியவில்லை. புதுச் சந்தையில் ஒரு கடை காலி. மாரிசெல்வி கேட்டிருந்தாள். நாணயமானவர் என்று வணிகர் சங்கம் லெட்டர் கொடுத்தால்தான் கடை. சங்கத் தலைவர் வேலுசாமி.

"சர்க்காரையே ஏமாத்துனவ அண்ணாச்சி," என்றான் செயலாளர் பெலிக்ஸ். "அவளுக்கு லெட்டர் குடுத்தா சங்கத்தோட மானம் என்ன ஆகும்?"

சங்கத்தின் மானம் வேலுசாமிக்குத் தெரியாததா? சேவை அமைப்பு என்று சொல்லி அதே நிவாரணத்தில் சங்கமும் ஐம்பதாயிரம் வாங்கியது, ஊருக்குக் கபசுரக் குடிநீர் கொடுக்க. கொடுத்தார்கள், போட்டோ எடுத்த அன்று மட்டும். வேலுசாமியும் தன் ஹார்டுவேர் கடை ரெண்டு மாசம் அடைத்தே கிடந்தது என்று எழுதிக் கொடுத்துப் பத்தாயிரம் வாங்கியவர்தான். முன்வாசல் அடைத்தே கிடந்தது. பின்வாசலில் பைப் வாங்கிப் போனவர்களில் பெலிக்ஸும் ஒருவன்.

மறுநாள் காலையில் வண்டிப் பக்கம் போனார்.

"ஏட்டி மாரி, நெசமாவே காசிராஜனை ஏமாத்தித்தான் வாங்குனியா?"

"ஆமாண்ணாச்சி." அவள் டம்ளரில் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "அவியளுக்கு ஒண்ணுமே தெரியாது. வீட்டுல அடுப்பு எரியல, ஏமாத்திட்டேன். வண்டி ஓடுனதும் அந்தப் பணத்தை மாசாமாசம் கட்டித் தீத்துட்டேன்."

"இப்பிடிச் சொன்னா புதுக் கடை கிடைக்காதே."

அவள் கை ஒரு நொடி நின்றது. எத்தனை வருஷம் வெயிலில் நின்ற கை.

"கிடைக்கலேன்னா வண்டி இருக்குல்லா. தேங்காப்பூ இன்னும் கொஞ்சம் போடவா?"

மத்தியானம் பேரூராட்சி ஊழியர் சமுத்திரம் வேலுசாமியின் கடைக்கு வந்தார். கொசு மருந்து அடிப்பவர். கையில் ஒரு பழைய தகரம்.

"எங்க மிஷின் ஷெட்டுக்கு ஒரு பூட்டு வேணும் அண்ணாச்சி. பழசு துருப்பிடிச்சுப் போச்சு. இந்தத் தகரத்தை எடுத்துக்கிடுவீகளா? மிஷினுக்கு அடியில முட்டுக் குடுத்துக் கிடந்துச்சு."

வேலுசாமி தகரத்தைத் திருப்பினார். புகை படிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. மாரிசெல்வி பருத்திப்பால் நிலையம்.



"கொரோனா சமயத்துல ஷெட்டுச் சாவி யாருகிட்ட இருந்துச்சு சமுத்திரம்?"

"வேற யாருகிட்ட? காசிராஜன் சார் இடுப்புலதான். என்னையக்கூட நம்ப மாட்டாவ. மிஷின் எடுக்கணும்னா அவியளே வந்து திறப்பாவ. ரிட்டயர் ஆன அன்னைக்குத்தான் அந்தச் சாவியே கீழ எறங்குச்சு."

பூட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, வேலுசாமி சங்கத்து லெட்டர் பேடை எடுத்தார். மாரிசெல்வி நாணயமானவள் என்று அவரே எழுதினார், அவரே கையெழுத்துப் போட்டார். பெலிக்ஸைக் கேட்கவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் ஒரு புது ஆள். பூச்சி மருந்துக் கம்பெனிக்காரர். காசிராஜன் பாதிக் கதையில் இருந்தார்.

"...மகாராணி கணக்கா நிக்கா. கிளிக்!"

எல்லாரும் சிரித்தார்கள். வேலுசாமி சிரிக்கவில்லை. தகரத்தை பெஞ்சில் வைத்தார், எழுத்து மேலே தெரியும்படி. காசிராஜனின் டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

காசிராஜனைத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று வேலுசாமிக்கு அப்போதும் பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏலே காசி, அன்னைக்கு அந்த மிஷின் ஷெட்டுப் பூட்டை அவ யாரு சாவியப் போட்டுத் திறந்தா?"