சுவரொட்டியின் கீழ்ப்பாதி

தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் யார் என்று விலங்குகள் ஓட்டுப் போட்ட நாள் அது. எருமைக்கும் கழுதைக்கும் போட்டி. ஜெயித்தால் என்ன செய்வோம் என்பதை இரண்டுமே சுவரொட்டியில் தங்கள் படத்துக்குக் கீழே எழுதித்தான் ஒட்டியிருந்தன. ஆனால் ஆடுகளின் வாய்க்கு எட்டியது அந்தக் கீழ்ப்பாதிதான். பசை ருசியாக இருக்கவே எழுத்தையெல்லாம் தின்றுவிட்டன. முகங்கள் மட்டும் மிஞ்சின. எருமையின் முகம் லட்சணமாக இருந்தது.

வரிசையில் நின்ற செவலை ஆடு, தன் குட்டியின் வறண்ட நாக்கைப் பார்த்தது. "கீழே என்னடி எழுதியிருந்தது?" என்று முன்னால் நின்ற கோழியைக் கேட்டது.

"தின்ன உனக்கே தெரியல, எனக்கு எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்துக் குத்துடி, வெயில் ஏறுது."

செவலை வரிசையை விட்டு விலகி எருமையிடமே போனது. "அண்ணே, ஜெயிச்சா தொட்டியை என்ன செய்வீங்க?"

"உள்ளே படுத்துக்குவேன். சாயங்காலம் எழுந்திருப்பேன். எழுதித்தானே ஒட்டினேன், தங்கச்சி?"

கழுதையோ, "குடிச்சிட்டு நகர்ந்துக்குவேன்" என்றது.

செவலை ஓடிவந்து கோழியிடம் சொன்னது.

"அடடா, இப்பத்தான் போட்டேன்" என்றது கோழி.

செவலை வரிசையின் கடைசியில் நின்று, கழுதையின் படத்தில் குளம்பைப் பதித்தது.

எருமை ஜெயித்தது. சாயங்காலம் அது தொட்டியை விட்டு எழுந்ததும் எல்லாம் முண்டியடித்துக் குனிந்தன.

"அம்மா, நீ இவருக்கா போட்டே?"

"இல்லடா."

குட்டி சேற்றுத் தண்ணீரை முகர்ந்தது. ஒருமுறை தாயை நிமிர்ந்து பார்த்தது. பிறகு குடித்தது.