வெள்ளிக்கிழமை ஓடாத மெஷின்

"இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கு ரஞ்சித்," என்றாள் தேவதர்ஷினி போனில்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடியே, துவாக்குடி பட்டறைகளுக்கு இரும்பு பிளேட் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. பட்டறை வரை இன்டர்நெட் போன பிறகு ஒவ்வொரு வெல்டிங் மெஷினிலும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருந்தது கம்பெனி. மெஷின் ஓடினால் திரையில் பச்சை, நின்றால் சிவப்பு. நிற்கிற பட்டறையின் பங்கு, ஓடுகிற பட்டறைக்கு.

வெள்ளைச்சாமி பட்டறை பத்து நாளாகவே காலையிலிருந்து சிவப்பு. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பச்சை.

"வெள்ளிக்கிழமைன்னா அதுவும் இல்லை. சாயங்காலம்தான் ஓடுது."

உடன் வேலை பார்க்கும் ரஞ்சித் சிரித்தான். "ஏமாத்துறதுக்கும் வாரத்துல ஒரு நாள் ரெஸ்ட் வேணாமா மேடம்? வெறும் மெஷினை ஓடவிட்டு பிளேட்டைப் பிடிச்சு வச்சிருக்காரு. தூக்கி அடுத்த பட்டறை அப்துல் அஹத் பாய்க்குக் கொடுங்க. அவர்தான் எப்பவும் போன் போட்டு பிளேட் பிளேட்னு நச்சரிக்கிறாரே."

ஒரு கிளிக் போதும். ஆனால் பிளேட் போனால் வெள்ளைச்சாமி பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். எதற்கும் நேரில் பார்த்துவிடலாம் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து துவாக்குடி பஸ் ஏறினாள்.

துவாக்குடியில் சாப்பாட்டு நேரம். பாய் பட்டறையில் ஆட்கள் டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாய் இல்லை. வெள்ளைச்சாமி பட்டறையில் தீப்பொறி பறந்தது.

வாசலில் நின்ற அவர் மனைவி மலர்க்கொடிக்கு, கம்பெனி அட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"வெள்ளைச்சாமி எங்கேங்க?"

"ஆஸ்பத்திரியிலங்க. வண்டியில இருந்து விழுந்து கை முறிஞ்சிருச்சு. சொன்னா பிளேட் நின்னுடுமேன்னுதான்..."

"அதுக்காக வெறும் மெஷினை ஓட விடுவீங்களா?"

"வெறும் மெஷின் இல்லைங்க. உள்ள வந்து பாருங்க."

முடிந்த பைப் தாங்கிகள் அடுக்கியிருந்தன. வெல்டிங்கில் குறை சொல்ல இடமில்லை. முகமூடி மாட்டிய ஒருவர் குனிந்து அடுத்ததை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஆள்தான் இருக்கே. நாள் முழுக்க ஓட்டலாமே?"

"கூலி ஆள் இல்லைங்க. அவருக்குச் சாப்பாட்டு நேரம்தான் ஒழியும்."

தேவதர்ஷினி யோசித்தாள். "கஷ்டம் புரியுதுங்க. ஆனா திரையில இருக்கிறதை நான் மறைக்க முடியாது. அடுத்த பட்டறைக்கு மாத்தறதைத் தவிர வழியில்லை."

வெல்டிங் நின்றது.

"அடுத்த பட்டறைக்கு வேணாம்மா," என்றது முகமூடிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அதை அப்துல் அஹத் பாய் சொல்லணும்."

அவர் முகமூடியை மேலே தள்ளினார். நரைத்த தாடியில் வியர்வை சொட்டியது.

"அவன்தாம்மா சொல்றேன். வெள்ளைச்சாமி காதுக்கு மட்டும் இது போக வேணாம். எங்களுக்குள்ள ரொம்ப நாளாப் பேச்சுவார்த்தை கிடையாது."